மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பவருக்கு எதைப் பழக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கட்டுப்பாட்டு அறையில் எட்டு மணி நேர ஷிப்டில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எப்போதாவது ஒருமுறை வரும் அந்த ஒரு நிகழ்வைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தியானம், மூளைப் பயிற்சி விளையாட்டு, ஊக்கப் பேச்சு என்று பலரும் பல வழி சொல்கிறார்கள். எந்தப் பயிற்சி கொடுத்தால் கவனம் ஷிப்ட் முழுக்க நிற்கும்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். எட்டு மணி நேரம் கவனம் சரியாமல் நிற்க வைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. ஆனால் சரிவு எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பயிற்சியால் நன்றாகவே மாற்றலாம். அதற்குப் பழக்க வேண்டியவை மூன்று: தேடும் பொருள் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணுக்கு ஏற்றிவிடுவது, தான் தவறவிட்டதை உடனுக்குடன் தெரிந்துகொள்வது, தன் நேரம் முடிந்ததும் இடத்தை ஒழுங்காக அடுத்தவரிடம் ஒப்படைப்பது. இதில் மூன்றாவது, பணி அட்டவணையோடு சேர்ந்தது. அட்டவணையைத் தொடாமல் ஆட்களை மட்டும் பயிற்றுவிப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

நீண்ட நேரக் கவனத்தை ஆராயும் துறையின் தொடக்கமே இப்படியொரு சிக்கலில் இருந்துதான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கடலுக்கு மேல் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் பார்த்தவர்கள், நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் இதை ஆய்வகத்தில் சோதித்து 1948-இல் வெளியிட்டார். எண்களே இல்லாத வெள்ளைக் கடிகார முகம், நொடிக்கு ஒரு தாவல் நகரும் ஒற்றை முள். அரை மணி நேரத்தில் 12 முறை மட்டும் முள் இரட்டைத் தாவல் போடும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் அரை மணியில் நூற்றுக்குச் சுமார் 16 தாவல்கள் தவறின, இரண்டாவது அரை மணியில் சுமார் 26. அடுத்த ஒரு மணி நேரத்தில் அது இன்னும் கொஞ்சம்தான் கூடியது. சரிவின் பெரும் பகுதி முதல் அரை மணியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பது இங்கே முக்கியம். "ஷிப்ட் கடைசியில்தான் அசதி வரும்" என்று நினைத்து ஓய்வு நேரம் வகுப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

மேக்வொர்த்தின் ஆய்வுகளில் வேறு இரண்டு செய்திகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் "சரியாகப் பிடித்தீர்கள்", "இதைத் தவறவிட்டீர்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தபோது சரிவு மறைந்தது. அரை மணி பார்த்து அரை மணி ஓய்வு எடுத்தவர்களிடமும் சரிவு இல்லை. முக்கால் நூற்றாண்டு கழித்தும் கைகொடுக்கும் மருந்துகள் இவைதான்.

இந்தச் சரிவைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் மேற்பார்வையாளர்களில் இன்னும் இருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பதில் என்ன கஷ்டம் என்பார்கள். ஆனால் இப்படித் திரை பார்ப்பவர்களிடம் மனச்சுமையை அளந்தபோது அது அதிகமாகவே வந்தது. எதுவும் நடக்காத காட்சியில் ஒவ்வொரு நொடியும் "இதுவா, இல்லையா" என்று முடிவெடுப்பது மூளைக்கு உழைப்பு, மன அழுத்தமும்கூட. இதை மேற்பார்வையாளருக்குப் புரியவைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. அவருக்குப் புரியாவிட்டால் ஓய்வு நேரத்தில் முதலில் கை வைப்பவர் அவராகவே இருப்பார்.

இப்போது கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய இடம். "கவனம் குறைந்துவிட்டது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் பயிற்சி கொடுத்தால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று ஆகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. 80 நிமிடப் பயிற்சி அமர்வை 20 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 நிகழ்வுகளை நுழைத்திருக்கிறீர்கள். முதல் ஆள் பிடித்தவை 9, 8, 6, 6. இரண்டாவது ஆளும் அதே 9, 8, 6, 6. இந்த வரிசையை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். இப்போது பொய் எச்சரிக்கைகளை, அதாவது ஒன்றுமில்லாத இடத்தில் "இருக்கிறது" என்று சொன்னவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் ஆளுக்கு 7, 4, 2, 1. இரண்டாவது ஆளுக்கு 3, 3, 4, 6.

முதல் ஆளின் கண்ணில் குறையில்லை. "வராது போலிருக்கிறது" என்று மனம் மெல்ல முடிவுகட்டிக்கொண்டே போகிறது. அதனால் பொத்தானை அழுத்த அவருக்கு வலுவான ஆதாரம் தேவைப்படுகிறது. பிடிப்பதும் குறைகிறது, பொய் எச்சரிக்கையும் குறைகிறது. இரண்டாவது ஆளுக்கோ பிரித்தறியும் திறனே மங்குகிறது. இருப்பதைத் தவறவிடுகிறார், இல்லாததை இருப்பதாகச் சொல்கிறார். முதல் ஆளுக்கு வேண்டியது பின்னூட்டமும், நிகழ்வு வரும் என்ற எதிர்பார்ப்பும். இரண்டாவது ஆளுக்கு எத்தனை அறிவுரை சொன்னாலும் பயனில்லை. அவருக்கு ஓய்வு வேண்டும், காட்சி ஓடும் வேகம் குறைய வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரிப் படம் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் படம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பலன் பெரியது. திறன் மங்குவது குறிப்பாக எப்போது வரும் என்று ராஜா பரசுராமன் 1979-இல் காட்டினார்: காட்சிகள் வேகமாக ஓட வேண்டும், கூடவே "சரியான நிலை எப்படி இருக்கும்" என்பதை நினைவில் வைத்து ஒப்பிட வேண்டிய வேலையாகவும் இருக்க வேண்டும். அந்த நினைவுச் சுமையை இறக்கிவைக்க முடிந்தால் இறக்கிவைத்துவிடுங்கள். அழுத்தமானியில் பச்சைப் பட்டை ஒட்டுவது, வழக்கமான காட்சியின் நிழற்படத்தைத் திரைக்குப் பக்கத்தில் மாட்டுவது, வரைபடத்தில் மேல் எல்லை, கீழ் எல்லைக் கோடுகள் போடுவது எல்லாம் இந்த வகைதான். பயிற்சிக்கு முன்பே செய்துவிட வேண்டியவை.

முதல் ஆளின் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜெரமி வுல்ஃபும் உடன் பணிபுரிந்தவர்களும் 2005-இல் ஒரு தேடல் சோதனை நடத்தினார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தவறவிட்டது நூற்றுக்கு 7. நூறு படங்களில் ஒன்றில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது நூற்றுக்கு 30. அரிதாக வருவதே தவறவிடுவதற்குப் போதுமான காரணம். உண்மைப் பணியில் நிகழ்வு நூற்றில் ஒன்றுகூட இருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி பயிற்சி. முதல் படி படத்தொகுப்பு. உங்கள் இடத்துக் கேமரா, உங்கள் மானிட்டர், உங்கள் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளாக இருக்க வேண்டும். நிகழ்வு உள்ளவை 150 முதல் 200 வரை, நிகழ்வு போலத் தோன்றி ஏமாற்றுபவை அதே அளவு, எதுவும் இல்லாதவை அதைப்போல் பல மடங்கு. நிகழ்வுகளை வகை பிரியுங்கள்: எளிதில் தெரிவது, பாதி மறைந்திருப்பது, ஓரத்தில் நடப்பது, மெதுவாக வளர்வது. மெதுவாக வளர்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அழுத்தம் நிமிடத்துக்கு ஒரு சிறு கோடு ஏறும்போது "மாறியது" என்று சொல்ல ஒரு கணமே இருப்பதில்லை. அதற்குத் தனியாகப் பழக்க வேண்டும்: "இப்போது என்ன அளவு" என்பதோடு "பத்து நிமிடத்துக்கு முன் என்ன அளவு" என்றும் கேட்டுப் பழக்குங்கள், எழுதவும் வையுங்கள்.

தொகுப்பில் வகை குறைந்தால் என்ன ஆகும்? கற்றவர்கள் அந்த வகையில் கெட்டிக்காரர்களாகி, மற்றதற்குக் குருடாவார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டி தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அதே படங்களில் செருகியிருந்த கொரில்லா உருவத்தைக் கவனிக்கவில்லை. அது வழக்கமான கட்டியைப்போல் சுமார் 48 மடங்கு பெரியது. திறமைசாலிகள்தான், ஆனால் தேடியது கட்டியை. எனவே ஒவ்வொரு அமர்விலும் பட்டியலில் இல்லாத விசித்திரமான நிகழ்வு ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டாவது படி, பார்க்கும் முறை. "நன்றாகப் பார்" என்பது அறிவுரை, முறை ஆகாது. எந்தத் திரையில் தொடங்கி எந்தத் திரையில் முடிப்பது, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி, ஒவ்வொரு திரையிலும் கண் முதலில் போக வேண்டிய இரண்டு இடங்கள் எவை என்று எழுதிக் கொடுங்கள். நீச்சல் குளக் காவலர்களிடையே பரவலாக உள்ள 10/20 விதி இதற்கு நல்ல மாதிரி: தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் கண்ணால் சுற்றி முடிக்க வேண்டும், ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 விநாடிக்குள் அடைய வேண்டும். சுற்றின் திசையை அவ்வப்போது மாற்றச் சொல்லுங்கள். எப்போதும் இடமிருந்து வலமாகவே போனால், சில நாளில் கண் நகரும், மனம் நகராது.

கூடவே கையால் சுட்டி வாயால் சொல்லும் பழக்கம். ஜப்பானிய ரயில்வேயில் ஓட்டுநர் சிக்னலை நோக்கி விரலை நீட்டி அதன் நிலையை உரக்கச் சொல்வார். அங்கே 1994-இல் நடந்த சோதனையில், சுட்டாமலும் சொல்லாமலும் செய்தபோது 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இதைச் செய்ய முடியாது. மணிக்கு நான்கு முறை, முக்கியமான ஐந்தாறு அளவுகளுக்கு மட்டும் வையுங்கள். முதல் வாரம் வெட்கப்படுவார்கள், மேற்பார்வையாளரும் சேர்ந்து செய்தால் போய்விடும்.

மூன்றாவது படி பின்னூட்டம். அமர்வு முடிந்தபின் மொத்த மதிப்பெண்ணைக் கொடுப்பதால் அதிகப் பயன் இல்லை. தவறவிட்ட நிகழ்வு கடந்துபோன சில விநாடிகளுக்குள் திரையை நிறுத்தி "இங்கே இருந்தது" என்று காட்ட வேண்டும். பொய் எச்சரிக்கைக்கும் அப்படித்தான்: எது ஏமாற்றியது, நிழலா, பறவையா, கேமரா ஆட்டமா என்று பார்க்க வைக்க வேண்டும். தொடக்க அமர்வுகளை 20 நிமிடமாக, நிகழ்வுகளை அடர்த்தியாக, ஒவ்வொன்றுக்கும் பின்னூட்டத்தோடு வையுங்கள். நாளுக்கு இரண்டு அமர்வு போதும்.

நான்காவது படியைத்தான் பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் விட்டுவிடுகின்றன. அடர்த்தியான நிகழ்வுகளோடு பழகியவரை அப்படியே உண்மைப் பணிக்கு அனுப்பினால் அவருடைய சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும். 1964-இல் கஹூன், பேடலி என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். பயிற்சியில் அடிக்கடி வந்தது பணியில் வரவில்லை என்றதும், மனம் தன் எதிர்பார்ப்பை மளமளவென்று கீழே இறக்கிக்கொள்கிறது. ஆகவே நிகழ்வு வீதத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். 20 நிமிடத்துக்கு 10 என்றிருந்ததை 5 ஆக்குங்கள், பிறகு 2. கடைசி அமர்வுகளில் ஒன்றிரண்டில் எதுவுமே வரக்கூடாது. "எதுவும் வராத ஷிப்டும் சரியாகச் செய்த ஷிப்டுதான்" என்பதை ஆபரேட்டர் பயிற்சியிலேயே அனுபவித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பணியில் சேர்ந்த பிறகும் இது தொடர வேண்டும். விமான நிலையப் பை சோதனையில் எக்ஸ்-ரே படத்தின் மேல் கத்தி, வெடிபொருள் போன்றவற்றின் பொய்ப் படத்தை மென்பொருள் அவ்வப்போது வைக்கும். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் "இது சோதனைப் படம், சரியாகக் கண்டீர்கள்" என்றும், விட்டுவிட்டால் "தவறவிட்டீர்கள்" என்றும் செய்தி வரும். அதே உத்தியை எந்தக் கண்காணிப்பிலும் செய்யலாம். கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். செருகிய படத்தின் ஓரம் கூர்மையாக இருந்தாலோ நிறம் சற்று மாறியிருந்தாலோ, ஆபரேட்டர் கத்தியைத் தேடாமல் செருகலின் தடயத்தைத் தேடக் கற்றுக்கொள்வார். மணி அடித்தாற்போல் ஒரே நேரத்தில் வந்தாலும் அப்படியே. இருபதே படங்களைச் சுழற்றினால் ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். நேரத்தைத் தற்செயலாக்குங்கள், மாதத்துக்கு ஒருமுறை படங்களில் ஒரு பகுதியைப் புதிதாக்குங்கள். உண்மை நிகழ்வு வந்தபோது "இது சோதனையாக இருக்கும்" என்று விட்டுவிடாதபடி, சோதனை என்ற செய்தி பொத்தானை அழுத்திய பிறகே வரட்டும்.

அட்டவணைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு விதிகளில், எக்ஸ்-ரே படங்களைத் தொடர்ந்து பார்ப்பது பொதுவாக 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, அதன்பின் குறைந்தது 10 நிமிடம் படம் பார்க்காத வேலை. இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நெருக்கமாக மாற்ற ஆள் இல்லையென்றால் 30 நிமிடம். அதற்கு மேல் இழுப்பவர்கள் மேக்வொர்த்தின் எண்களை இன்னொரு முறை பார்க்கட்டும். ஓய்வு என்றால் இருக்கையிலேயே கைப்பேசி பார்ப்பதல்ல. எழுந்து, நடந்து, வேறு வகை வேலை: பதிவேடு எழுதுவது, சுற்றி வருவது.

மாற்றும்போது ஓட்டை விழும் இடம் ஒப்படைப்பு. வருபவர் அமரும் முன் இரண்டு மூன்று நிமிடம் இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும். போகிறவர் மூன்றைச் சொல்ல வேண்டும்: இப்போது வழக்கத்துக்கு மாறாக இருப்பது எது, எது மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, எந்தக் கேமரா அல்லது அலாரம் வேலை செய்யவில்லை. வருபவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் கண் கட்டாயம் திரையில் இருக்க வேண்டும். இதைப் பயிற்சியில் நடித்தே பார்க்க வேண்டும். ஒப்படைப்பு நடக்கும் நொடியில் ஒரு நிகழ்வை நுழைத்துப் பாருங்கள், எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். தொடர்ந்து 14 நாள் ஆறு மணி நேரம் மட்டும் படுத்தவர்களின் விழிப்பு, ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்தது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைவிடக் கவலை தருவது, தாங்கள் அவ்வளவு கெட்டுப்போயிருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. ஆகவே "தூக்கம் வந்தால் சொல்லுங்கள்" என்பதை மட்டும் நம்பக் கூடாது. திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்தும் 10 நிமிட விழிப்புச் சோதனையை ஷிப்ட் தொடக்கத்தில் வைக்கலாம். அரை விநாடிக்கு மேல் ஆன மறுமொழிகளை எண்ணி, அவருடைய வழக்கமான எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். விடியற்காலை 3 முதல் 5 மணி வரை உடலே கீழே இறங்கும் நேரம். அப்போது சுழற்சியைக் குறுக்குங்கள், நிறைய ஆள் வையுங்கள். 20 நிமிடக் குட்டித் தூக்கம் நல்லது, ஆனால் எழுந்த கையோடு திரைமுன் உட்காரக் கூடாது, 15 நிமிடமாவது போகட்டும். 100 முதல் 200 மில்லிகிராம் காஃபின் உதவும். முழுப் பலன் தெரிய அரை மணி ஆகலாம் என்பதால் தூங்கி வழியும்போது குடிப்பது தாமதம்.

ஆள் விழித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவிகளும் உண்டு. கப்பலைச் செலுத்தும் அறையில் உள்ள கண்காணிப்பு அலாரத்தை 3 முதல் 12 நிமிட இடைவெளிக்குள் அமைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்துக்குள் அதிகாரி மீட்டமைக்காவிட்டால் முதலில் விளக்கு, பிறகு ஒலி, அதற்கும் பதில் இல்லையென்றால் மற்ற அதிகாரிகளுக்கு எச்சரிக்கை. மயங்கியவரையும் தூங்கியவரையும் அது கண்டுபிடிக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே வேறு எங்கோ இருக்கும் மனத்தைக் கண்டுபிடிக்காது.

தானியங்கி எச்சரிக்கை உள்ள இடங்களில் வேறொரு பாடம் வேண்டும். எந்திரம் எப்போதும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தால் மனிதர் பார்ப்பதை நிறுத்திவிடுவார். எந்திரம் தவறும் என்று வகுப்பில் சொல்வதைவிட, பயிற்சியில் அது உண்மையாகவே தவறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் பிற்பாடு சரிபார்க்கிறார்கள். ஆகவே பயிற்சி அமர்வுகளில் அலாரம் அடிக்க வேண்டிய இடத்தில் சில முறை அடிக்காமல் இருக்கட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: நாள் முழுக்கப் பொய்யாகவே அடிக்கும் அலாரத்தை எந்தப் பயிற்சியாலும் மதிக்கவைக்க முடியாது. அந்த வரம்பை மாற்றுவது பொறியாளரின் வேலை.

தியானம், விளையாட்டு பற்றி. 2010-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் தங்கி நாளுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் தியானம் செய்தவர்களிடம் பிரித்தறியும் திறனும் தொடர் கவனமும் மேம்பட்டன. மகிழ்ச்சிதான், ஆனால் அந்த அளவை எந்தப் பணியிடமும் தராது. வாரம் ஒரு மணி தியானம் மனத்துக்கு நல்லது என்று செய்யலாம், கண்காணிப்புப் பயிற்சிக்கு மாற்றாக வைக்க வேண்டாம். மூளை விளையாட்டில் ஆடுபவர் அந்த விளையாட்டில் தேறுவார், திரை பார்க்கும் வேலைக்கு அது கடந்து வருவது அரிது.

பரிசும் தண்டனையும் கவனமாகக் கையாள வேண்டியவை. தவறவிட்டதற்கு மட்டும் தண்டித்தால் எல்லாவற்றுக்கும் அலாரம் அடிப்பார்கள், ஒரு வாரத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். பொய் எச்சரிக்கைக்குத் திட்டினால் சந்தேகம் வந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள், அது இன்னும் ஆபத்து. "எதற்கு அழைத்தாய்" என்று ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும், அந்த ஆளின் பொய் எச்சரிக்கை வரிசை 7-இலிருந்து 1-க்கு இறங்கிவிடும், பிடிப்பதும் கூடவே இறங்கும். தவறான அழைப்புக்கும் நன்றி சொல்லி, காரணத்தை மட்டும் ஆராயுங்கள்.

பலன் வந்ததா என்று பார்க்க, பயிற்சி முடிந்த அன்று தேர்வு வைக்காதீர்கள், அன்று எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். நான்கு வாரம் கழித்து, அரிய நிகழ்வு வீதத்தில், ஷிப்டின் நடுவில், ஆளுக்குத் தெரியாத நேரத்தில் நிகழ்வுகளை நுழைத்து, பிடித்தவை ஒரு வரிசையிலும் பொய் எச்சரிக்கைகள் ஒரு வரிசையிலுமாக 20 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். ஓர் ஆளிடமிருந்து 40, 50 நிகழ்வாவது சேரும்வரை அவரைப் பற்றி எந்த முடிவும் வேண்டாம். பத்து நிகழ்வில் இரண்டு தவறுவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.